தென்திருவிதாங்கூரில் நிலவுடைமை அதிகாரமும் நடுத்தர வகுப்பின் எழுச்சியும்: நெய்யாற்றின்கரைப் பகுதியை முன்வைத்து

ஆலைத்தொழிலின் பெருக்கம் நிலக்கிழாரிடமிருந்த அதிகாரத்தை நடுத்தர வகுப்பினரிடம் சேர்த்தது என்பதற்கு இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமும், 1846இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டமையும் சான்றுகளாகக் காட்டப்பெறும். பெரிய ஆலைகள் தோன்றாத நெய்யாற்றின்கரை, பாறசாலை, அம்பூரி ஆகிய எல்லைப்புற ஊர்களிலும் இத்தகைய அதிகாரப் பெயர்ச்சி நிகழ்ந்துள்ளது. அதனை நிகழ்த்தியவை பணப்பயிரும் பள்ளிக்கூடமும் ஆகும்.

எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சிய இளவரசர் மார்த்தாண்ட வர்மர் நெய்யாற்றின்கரைக் கோயிலருகே ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழிவழிச் செய்தி. 'அம்மச்சிப் பிலாவு' என இன்றும் அது போற்றப்படுகிறது. 1729இல் ஆட்சிக்கு வந்த அவர் பிள்ளைமாரை வேரறுத்தார். எனினும் இதனை நிலவுடைமையின் வீழ்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. பிரபுக்கள் சிலர் மறைந்தனரேயன்றி, தறவாட்டுக் காரணவரும் தேவசுவமும் உழுகுடியின் மீது கொண்டிருந்த பிடி தளரவில்லை. அப்பிடி தளர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை அரச விளம்பரத்தால் ஏற்கப்பட்டது. திவான் மாதவராவ் காலத்தில் மிளகு வாணிகத்தில் அரசின் தனியுரிமை நீங்கியது. இவை அனைத்தினும் ஆழமான விளைவைத் தந்தது 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம் எனலாம். அரசுநிலத்தைப் பாட்டத்திற்கு உழுதவர், அதனை விற்கவும் ஒற்றி வைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை பெற்றனர். நிலம் பிறப்பால் வரும் தகுதியாக இருந்த நிலை மாறி, பணத்தால் பெறக்கூடிய பொருளாயிற்று. அப்பணத்தை ஈட்டும் வழிகளும் அக்காலத்திலேயே திறந்தன. அசம்பு மலைக் காப்பித் தோட்டங்கள் நாணயமாகக் கூலி தந்தன. இலண்டன் மிஷன் பள்ளிகள் பாறசாலைப் பகுதியில் எழுத்தறிவைப் பரப்பின. பனையேறியின் மகன் ஆசிரியனாகவும் எழுத்தனாகவும் ஆகும் வாய்ப்பு அங்குத் தோன்றியது.

மறுபுறம், பிரிக்க இயலாத மருமக்கள்தாயச் சொத்து நாயர் தறவாடுகளுக்கே சுமையாயிற்று. காரணவருக்கும் அனந்தரவருக்கும் இடையிலான வழக்குகள் பெருகின. 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம் ஆள்வீதப் பாகப்பிரிவினைக்கு வழிவகுத்தபின், பிரிந்த நிலம் பிற சமூகத்தார் கைக்கு விரைந்து சென்றது. சட்டத்தைக் கோரியவர்கள் அத்தறவாடுகளின் கற்ற இளைஞர்களே என்பது நோக்கத்தக்கது.

இப்புதிய வகுப்பின் கருவி மனுவும் அச்சும் ஆகும். 1891ஆம் ஆண்டு மலையாளி மெமோரியலும் 1896ஆம் ஆண்டு ஈழவ மெமோரியலும் அரசுப்பணியில் பங்கு கேட்டன. நெய்யாற்றின்கரையைச் சார்ந்த சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய இதழின் வழியே திவானைத் தாக்கி எழுதினார். 1910இல் அச்சகம் பறிமுதலாக, அவர் நாடு கடத்தப்பெற்றார். பின்னாளில் வழக்கறிஞர் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு வளர்ந்தமைக்கும் கல்விபெற்ற இவ்வகுப்பே அடித்தளம். அவ்வியக்கம் நெய்யாற்றின்கரையையும் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. ஆனால் 1956இல் அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

நடுத்தர வகுப்பின் எழுச்சி அனைவரின் எழுச்சியும் அன்று. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர் சிறுமி பஞ்சமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்க முயன்றபோது அப்பள்ளி தீக்கிரையானது. பள்ளியில் இடம் தரும்வரை வயலில் இறங்குவதில்லை என உழவுத் தொழிலாளர் மறுத்து நின்றதே, ஆலையற்ற இந்நாட்டின் முதற்பெரும் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாகும். 1911இல் அய்யன்காளி பிரஜா சபைக்கு நியமிக்கப்பெற்றார். அவர் அங்குக் கேட்டவற்றுள் முதன்மையானது நிலம்.

அம்பூரியின் மலைச்சரிவுகளில் இவ்வரலாற்றின் பிற்பகுதியைக் காணலாம். காணிக்காரர் வாழ்ந்த காட்டோரங்களில் கடந்த நூற்றாண்டில் மத்தியத் திருவிதாங்கூர்க் கிறித்தவக் குடியேறிகள் மரவள்ளியும் மிளகும் பயிரிட்டனர். பின்பு ரப்பர் பரவியது. 1970 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை உழவரை உடைமையாளராக்கியது. தோட்டப்பயிர் நிலங்களுக்கோ உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. ஊராட்சிப் பகுதியில் குடிகிடப்புக்காரரான கூலியாட்களுக்குக் கிடைத்தது குடிசையைச் சூழ்ந்த பத்து சென்ட் நிலம்.