கண்மாயில் மீன் குஞ்சு விட்டால் மட்டும் போதுமா? வரத்துக்காலை ஏன் கவனிக்கணும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. திருச்சுழி வழியாக ஓடும் குண்டாற்றிலும் மழைக்காலத்தில்தான் தண்ணீரைப் பார்க்க முடியும். அதனால் இங்கே மீன் என்றால் கண்மாய் மீன்தான். மழை பெய்து கண்மாய் பெருகியதும் மீன் குஞ்சு விடும் வேலை தொடங்கிவிடும். ஆனால், குஞ்சு விட்டால் மட்டும் கண்மாய் பிழைத்துவிடுமா?

விடப்படுவது எந்த மீன்?

பெரும்பாலும் கட்லா, ரோகு, மிருகால். மூன்றுமே வட இந்திய ஆறுகளைச் சேர்ந்தவை. ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய கண்மாயில் பெருகாது. அதனால்தான் வருஷா வருஷம் புதுசாகக் குஞ்சு விட வேண்டியிருக்கு. ஊசி மூலம் ஹார்மோன் செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைக்கும் முறையில் 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் வெற்றி கண்டவர் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

விடாமலே வரும் மீன் எது?

நாட்டுக் கெண்டை, கெளுத்தி, குரவை, அயிரை, விரால். இவற்றை யாரும் லாரியில் கொண்டுவந்து விடுவதில்லை. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். வடகிழக்குப் பருவமழையில் புதுத்தண்ணீர் வரும்போது இந்த மீன்களில் பல ஓட்டத்தை எதிர்த்து ஏறி, ஆழமில்லாத இடங்களில் முட்டையிடும். வரத்துக்கால்தான் இவற்றுக்குப் பாதை.

பாதை எங்கே அடைபடுகிறது?

சீமைக் கருவேலம் மண்டுவது, ஆக்கிரமிப்பு, உயரமாகக் கட்டிய சிறு பாலங்கள், குப்பை. நகரத்தை ஒட்டிய கண்மாய் என்றால் மழைத்தண்ணீர் வர வேண்டிய கால்வாயில் சாக்கடை வருகிறது. கழிவு அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அதன் அறிகுறி. காற்றைச் சுவாசிக்கக்கூடிய விரால் ஓரளவு தாங்கும். கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

சியாட்டில் நகர ஓடைகளில் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் சால்மன் குஞ்சுகளை விடுவது வழக்கம். ஆனால், அப்பகுதி ஓடைகளுக்குக் கடலிலிருந்து திரும்பி வந்த கோஹோ வகை சால்மன்கள் முட்டையிடும் முன்பே செத்தன. காரணம் 2020-ல் வெளியானது: வாகன டயர் தேய்மானத்தில் உருவாகும் '6பிபிடி-குயினோன்' என்ற ரசாயனம், சாலையில் ஓடும் மழைநீரோடு ஓடையில் கலந்திருக்கிறது. ஆக, எத்தனை குஞ்சு விட்டாலும் தண்ணீர் கெட்டிருந்தால் பலன் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

* மழைக்கு முன்பே வரத்துக்காலைத் தூர்வாரக் கேளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு.

* மீன்பாசி ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை வரத்துக்கால் பராமரிப்புக்கு ஒதுக்கும்படி கிராம சபையில் மனு கொடுக்கலாம்.

* வீட்டுத் தொட்டியில் வளர்த்த 'சக்கர்' மீனைக் கண்மாயில் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி அரசு தடை செய்த மீன். ஆப்பிரிக்காவின் திலேப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று 'ஜிலேபி' என்ற பெயரில் நம் குளங்களில் நிறைந்துவிட்டது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடி மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்கும். அன்றைக்கு ஊத்தாவில் கெளுத்தியும் விராலும் மாட்டுமா என்பதை, புரட்டாசியில் வரத்துக்கால் திறந்திருக்கிறதா அடைந்திருக்கிறதா என்பதே முடிவு செய்யும்.