குடலிறக்கப் பட்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது

கவட்டில் குடல் இறங்கியவர் கைக்கு எளிதில் எட்டுவது மருந்துக் கடையில் தொங்கும் ஹெர்னியா பெல்ட்தான். குடல் நெரிபட்டு உயிருக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் அதைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆபத்தைப் பட்டை தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதன் பயன் அதைவிடச் சிறியது, ஆனால் உண்மையானது என்பதே என் வாதம்.

ஒரு காலத்தில் பட்டைக்கு மாற்றே இருக்கவில்லை. 1807இல் லண்டனில் நிறுவப்பட்ட ‘சிட்டி ஆஃப் லண்டன் டிரஸ் சொசைட்டி’ ஏழைகளுக்குப் பட்டை வழங்குவதையே தொண்டாகச் செய்தது. மயக்க மருந்து 1846இல்தான் வந்தது. லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867இல். அதற்குமுன் கத்தி வைப்பதைவிடப் பட்டை கட்டுவதே அறிவுடைமை. 1880களில் இத்தாலியின் பாதுவா நகரில் அறுவை மருத்துவர் பஸ்ஸினி கவட்டுக் கால்வாயின் பின்சுவரைத் தைத்துச் சீரமைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து லிக்டென்ஸ்டைன், தசையை இழுத்துத் தைக்காமல் வலை வைத்து இடைவெளியை மூடினார். பட்டைக்கு இருந்த பழைய நியாயம் அத்தோடு போயிற்று.

புதிய நியாயம் ஏதும் உண்டா? 2006இல் ஃபிட்ஸ்கிப்பன்ஸ் குழுவினர் வெளியிட்ட வட அமெரிக்க ஆய்வு இங்கே முக்கியமானது. தொல்லை அதிகம் இல்லாத 720 ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உடனே அறுவை. மற்றவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இருவர் என்ற அளவில்கூடக் குடல் திடீரெனச் சிக்கிக்கொள்ளவில்லை. ஆபத்து இயல்பாகவே இவ்வளவு குறைவாக இருக்கும்போது, பட்டை கட்டிய ஒருவர் பத்தாண்டு நலமாக இருந்ததைக் காட்டி, ‘பட்டைதான் காத்தது’ என்று சொல்ல இடமில்லை. பட்டை விளம்பரங்களின் நற்சான்றுகள் பெரும்பாலும் இந்தத் தவறான கணக்கில்தான் நிற்கின்றன.

காத்திருந்த அதே ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் அறுவைக்கு வந்துவிட்டனர். பெரும்பாலும் அவர்களைக் கொண்டுவந்தது ஆபத்தன்று, வலி. பட்டைக்கு உரிய இடம் இங்கேதான்: அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர், இதயமோ நுரையீரலோ அறுவையைத் தாங்காத முதியவர் ஆகியோர் நிற்கும்போதும் நடக்கும்போதும் உணரும் கனத்த இழுவையை அது குறைக்கலாம்.

அதற்கும் ஒரு முறை உண்டு. படுத்தபடி புடைப்பு முழுதும் உள்ளே போன பிறகே கட்ட வேண்டும். பட்டையின் திண்டு, குடல் இறங்கும் இடைவெளியின்மேல் அமர வேண்டும். குடல் வெளியே இருக்க, நின்றபடி இறுக்கினால் அழுத்தம் குடலின்மீதே விழும். உள்ளே போகாத புடைப்புக்குப் பட்டை கூடவே கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் இடுப்பளவை மட்டும் கேட்டு விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. மேற்சொன்ன ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். தொடைக் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அதன் வாய் குறுகலானது, விளிம்பு விறைப்பானது. 1991இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வின் கணிப்புப்படி, கவட்டுக் குடலிறக்கம் தோன்றி மூன்று மாதத்துக்குள் நெரிபடும் வாய்ப்பு 2.8 விழுக்காடு, தொடைக் குடலிறக்கத்துக்கோ 22 விழுக்காடு. கூச்சத்தால் எவரிடமும் காட்டாமல் சேலைக்குள் பட்டை கட்டிக்கொள்ளும் பெண், காத்திருக்கவே கூடாத நோயோடு காத்திருக்கிறாள். அவளுக்கு முதலில் வேண்டியது மருத்துவரின் பரிசோதனை; தொடைக் குடலிறக்கம் என்று தெரிந்தால், தாமதமின்றி அறுவை.

பட்டை கட்டியவர் யாராயினும், புடைப்பு உள்ளே போக மறுத்து இறுகி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, மலமும் வாயுவும் நின்றாலோ உடனே அதைக் கழற்றிவிட்டு, அந்த மணிநேரத்திலேயே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த எச்சரிக்கை ஒவ்வொரு பட்டையின் உறையிலும் தமிழில் அச்சாக வேண்டும்.