கடன் வாங்கிக் கழித்தல்

கடன் வாங்கிக் கழித்தல் என்பது, எண்களை இடமதிப்புப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்கையில், மேல் இலக்கம் கீழ் இலக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் இடப்பக்கத்து இலக்கத்தில் ஒன்றைப் பிரித்துக்கொண்டு கழிக்கும் முறை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு ‘இனமாற்றம்’ என்று பெயர். வகுப்பறையிலோ ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்பதுதான் பேச்சு. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது 2-இல் 7 போகாது. ஐந்து பத்துகளில் ஒன்றைப் பிரித்து ஒன்றுகளாக்கினால், 4 பத்தும் 12 ஒன்றும் ஆகும். 12-இல் 7 போக 5, 4-இல் 2 போக 2, மீதி 25. பிரித்த பிறகும் மேலே இருப்பது அதே 52தான். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மற்றதெல்லாம் பழக்கம்.

கும்பகோணம் உள்ளிட்ட காவிரிப் படுகையில் இந்தச் செயல் பத்தோடு மட்டும் கட்டுண்டதாக இருக்கவில்லை. நெல் அளவையில் 12 மரக்கால் ஒரு கலம். பழைய வாய்பாட்டில் மரக்காலுக்குக் குறுணி என்றும் பெயர், 8 நாழி ஒரு குறுணி. மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது உண்டு. களத்தில் 12 கலம் 3 மரக்கால் நெல் இருந்து, அதில் 7 கலம் 8 மரக்கால் வாரமாகப் போனால் மீதி எவ்வளவு? 3-இல் 8 போகாது. ஒரு கலத்தைப் பிரித்தால் வருவது 10 அல்ல, 12 மரக்கால். 15-இல் 8 போக 7 மரக்கால். எஞ்சிய 11 கலத்தில் 7 போக 4 கலம். நாழியும் சேர்ந்த கணக்கானால், அடுத்த இடத்தில் பிரிப்பது எட்டாக இருக்கும். இத்தகைய அளவைகளையும் நிலம், பொன், நெல் கணக்குகளையும் கொறுக்கையூர் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ விரிவாகச் சொல்கிறது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் இந்நூலைப் பதிப்பித்துள்ளது.

பணத்திலும் அன்று இதே நிலைதான். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. 5 ரூபாய் 4 அணா 3 பையில் 2 ரூபாய் 9 அணா 8 பையைக் கழிக்க, முதலில் ஓர் அணா 12 பையாகிறது. பிறகு ஒரு ரூபாய் 16 அணாவாகிறது. மீதி 2 ரூபாய் 10 அணா 7 பை. 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தது; மெட்ரிக் அளவைகளும் அதையொட்டிய ஆண்டுகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கணக்கு எளிதானது உண்மை. ஆனால் எந்த அலகைப் பிரிக்கிறோம், பிரித்தால் எத்தனை வரும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டிய கட்டாயமும் அதோடு போயிற்று. எல்லா இடத்திலும் பத்து என்றானதும், பக்கத்தில் ஒரு ‘1’ போடுவது பொருளறியாமலே செய்யத்தக்க சடங்காகிவிட்டது.

இலக்கங்களை அடுக்கி எழுதிக் கடன் வாங்கும் முறை பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பழைய தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. 52 என்பதை ஐந்து, பத்து, இரண்டு என மூன்று குறிகளால் எழுதினர். அங்கே கணக்கு, வாய்பாட்டு ஏடான எண்சுவடியை மனப்பாடம் செய்து வாயால் போடுவது. இலக்கங்களை நேர்க்கோட்டில் அடுக்கிக் கழிக்கும் முறை ஆங்கிலேயர் காலப் பள்ளிகளோடு பரவியது. இம்முறையைக் கற்பிக்கையில் கவனிக்க வேண்டியவை, பிள்ளைகள் செய்யும் தவறுகள்.

அந்தத் தவறுகள் கவனக்குறைவால் மட்டும் வருவன அல்ல; பலவற்றுக்குள் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் பிழையான விதி ஒன்றை மாறாமல் பின்பற்றுவதைக் காட்டினர். ஒரு பிள்ளை, மேலா கீழா என்று பாராமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும். இன்னொன்று கடன் வாங்கும்; ஆனால் கொடுத்த இலக்கத்தைக் குறைக்க மறக்கும். 52 − 27 என்ற கணக்கில் இருவருக்கும் 35 என்றே விடை வரும். விடையை மட்டும் பார்த்துத் தப்புப் போடும் ஆசிரியருக்கு யாருடைய குறை என்ன என்று தெரியாது. 53 − 27 கொடுத்தால் முதல் பிள்ளை 34 என்றும் மற்றது 36 என்றும் எழுதும்; சரியான விடை 26. ஒன்றுகளின் வித்தியாசம் 5 ஆக அமையும் கணக்குகளைச் சோதனைக்குத் தவிர்ப்பது நல்லது.

நடுவில் பூச்சியம் வந்தால் தடுமாற்றம் கூடும். 402 − 158-இல் பத்தின் இடத்தில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. நூறு ஒன்றை 10 பத்தாக்கி, அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக்க வேண்டும்: 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. மீதி 244. பூச்சியத்தை 9 ஆக்கிவிட்டு நூறைக் குறைக்காத பிள்ளை 344 என்று எழுதும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கட்டவிழ்த்துக் காட்டிய பிறகு எழுத வைத்தால் இந்த இடம் தெளிவாகிறது.

வேறு வழிகளும் உண்டு. மேல் எண்ணின் ஒன்றுகளில் பத்தையும், கீழ் எண்ணின் பத்துகளில் ஒன்றையும் கூட்டுவது ஒன்று. பிரிட்டனில் நெடுங்காலம் இதைக் கற்பித்தனர். கடைக்காரர் சில்லறை கொடுப்பதுபோல் 27-இலிருந்து 30, 50, 52 என ஏறி 3, 20, 2 ஆகியவற்றைக் கூட்டுவது மற்றொன்று. வில்லியம் பிரவுனலும் ஹரால்ட் மோசரும் 1949-இல் வெளியிட்ட ஆய்வு, காரணம் விளக்கிக் கற்பித்தால் கடன் வாங்கும் முறையே மேல் என்று கண்டது.

பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய இந்தியக் கிராமப்புறங்களில் நடக்கும் ‘ஏசர்’ ஆய்வு, கடன் வாங்க வேண்டிய ஈரிலக்கக் கழித்தலைத் தன் அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் செய்தவர்கள் 2018-இல் 28.2 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் 25.9; 2024-இல் 33.7.