படி ஏறும் வயது: ஜிம்னாஸ்டிக்ஸ் நிலைகளின் வரலாறு

போட்டி ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு சிறுமி நினைத்த நேரத்தில் நினைத்த தரத்தில் இறங்கிவிட முடியாது. எந்த வயதில், எத்தனை புள்ளி எடுத்து, எந்தெந்த அசைவுகளைச் செய்து காட்டிய பிறகு அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. இந்த விதிகள் ஒரே இடத்தில் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஜெர்மானியத் திடல்களில் பயிற்றுநரின் வசதிக்காகத் தொடங்கிய படிமுறை, சோவியத் ஒன்றியத்தில் திறமையைச் சலித்தெடுக்கும் ஏற்பாடாக வளர்ந்தது. அமெரிக்காவில் ஊர்தோறும் உள்ள கிளப்புகளின் பாடத்திட்டமாக ஆனது. இந்தப் பயணத்தில் அதன் நோக்கமும் மாறியது. குழந்தையை மேலே ஏற்றிவிடுவதற்காக வகுக்கப்பட்ட படி, உடல் தயாராகும்வரை அவளை நிறுத்தி வைப்பதற்கும் பயன்படத் தொடங்கியது.

நவீன ஜிம்னாஸ்டிக்ஸின் தொடக்கம் பெர்லினுக்கு அருகிலிருந்த ஹாசன்ஹைட திடல். 1811-இல் பிரெட்ரிக் லுட்விக் யான் அங்கே கம்பிகளும் மரக்குதிரைகளும் நிறுத்தி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். நெப்போலியனிடம் தோற்ற நாட்டின் இளைஞர்களை வலுப்படுத்துவது அவர் எண்ணம். அவரும் அவருடைய துணைவர் எர்ன்ஸ்ட் ஐசலனும் சேர்ந்து 1816-இல் இக்கலை பற்றிய நூலை வெளியிட்டனர். திடலில் கூடிய இளைஞர்களின் அரசியல் ஆர்வத்தைக் கண்டு அஞ்சிய பிரஷ்ய அரசு 1820-இல் இப்பயிற்சியைத் தடை செய்தது. தடை நீங்க 1842 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், 1837-இல், ஐசலன் ஒவ்வொரு கருவிக்கும் உரிய பயிற்சிகளை எளிதிலிருந்து கடினம் நோக்கி அடுக்கி அட்டவணைகளாக வெளியிட்டார். பெரிய கூட்டத்தைப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்ற பயிற்சியைத் தர அவை பயிற்றுநருக்கு உதவின. 1840-களில் அடால்ஃப் ஸ்பீஸ் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசென்று, சிறுவர் சிறுமியருக்கு வயதுவாரியாகப் பாடங்களை வகுத்தார். 1848 முதல் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் தங்கள் சங்கங்களையும் கூடவே கொண்டுபோயினர். அவற்றுள் முதலாவது அதே ஆண்டில் சின்சினாட்டியில் தொடங்கியது.

இந்தக் காலத்தில் படி என்பது கற்பிக்கும் முறை மட்டுமே. ஒரு படியைத் தாண்டியவருக்குப் பட்டமும் இல்லை, தாண்டாதவருக்குத் தடையும் இல்லை. அந்த நிலையை மாற்றியது சோவியத் ஒன்றியம். 1934-இல் 'விளையாட்டு மாஸ்டர்' என்ற பட்டம் அங்கே உருவாக்கப்பட்டது. தொடர்ந்து எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான தரவரிசை ஒன்று வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு சிறுமி இளையோர் தரங்களைத் தாண்டி, மூன்றாம், இரண்டாம், முதலாம் தரங்கள் வழியாக மாஸ்டர் பட்டம்வரை போக வேண்டும். ஒவ்வொரு தரத்துக்கும் குறிப்பிட்ட பயிற்சி வரிசைகள் இருந்தன. அதிகாரபூர்வமான போட்டியில் குறிப்பிட்ட மொத்தப் புள்ளியை எடுத்தால்தான் தரம் கிடைக்கும். லெனின்கிராட்டில் ஒரு சிறுமி இரண்டாம் தரத்தில் இருக்கிறாள் என்றால், அவளால் என்ன செய்ய முடியும் என்பதைத் தாஷ்கண்டில் உள்ள பயிற்றுநரும் அறிவார். நாடெங்கும் திறக்கப்பட்ட சிறார் விளையாட்டுப் பள்ளிகள் இந்தத் தரவரிசையை நம்பியே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தன.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கலந்துகொண்ட சோவியத் மகளிர் அணி தங்கம் வென்றது. புறக்கணிப்பு காரணமாகப் பங்கேற்காத 1984-ஐத் தவிர, 1988 வரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அந்த அணியே வென்றது. அடித்தளத்தில் ஒரே மாதிரியான கட்டாயப் பயிற்சி இருந்ததே இந்த வெற்றிக்கு முக்கியக் காரணம். அன்றைய ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் எல்லா வீராங்கனைகளும் ஒரே கட்டாய வரிசையை முதலில் செய்து காட்ட வேண்டும். அதன் பிறகே தாமே அமைத்துக்கொண்ட விருப்ப வரிசை. கட்டாய வரிசையில் புதுமையைக் காட்டி மதிப்பெண் அள்ள முடியாது. நீட்டிய பாதம், நேரான முழங்கால், அசையாத தலைகீழ் நிற்றல் ஆகியவையே அங்கே பேசும்.

ஆனால் இதே காலத்தில் வெற்றியாளர்களின் வயது வேகமாகச் சரிந்தது. 1952-இல் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற மரியா கொரோகோவ்ஸ்கயாவுக்கு வயது 30. 1956-இலும் 1960-இலும் வென்ற லாரிசா லத்தினினா இருபதுகளில் இருந்தார். 1972-இல் வென்ற லூட்மிலா துரிஷேவாவுக்கு 19. 1976 மான்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் முதன்முறையாக முழுப் பத்து மதிப்பெண் பெற்றுப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 14. சிறிய, லேசான உடல் காற்றில் எளிதாகச் சுழலும். கம்பியில் எளிதாக வளையவரும். ஆகவே பயிற்றுநர்கள் கடினமான அசைவுகளை மேலும் மேலும் இளைய வயதிலேயே புகட்டத் தொடங்கினர். படிகளை எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறாளோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வலுத்தது.

அதற்கான விலையை உடல்கள் கொடுத்தன. வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. அது முற்றிய எலும்பைவிட வலுக்குறைந்தது. கைகளை ஊன்றித் தலைகீழாக உடல் எடையைத் தாங்கும் இந்த விளையாட்டில், முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையில் உள்ள அந்தக் குருத்து நைந்துபோவதை மருத்துவர்கள் 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே அழைக்கின்றனர். முதுகைப் பின்னோக்கி வளைக்கும் பயிற்சிகள் கீழ்முதுகுத் தண்டில் நுண்முறிவுகளை உண்டாக்குகின்றன. அவற்றினும் கொடிய விபத்துகளும் நடந்தன. 1978-இன் உலகச் சாம்பியன் எலீனா முகினா, 1980 ஜூலையில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாள்களே இருக்கையில், மின்ஸ்கில் பயிற்சியின்போது கழுத்து முறிந்து வாழ்நாள் முழுவதும் படுக்கையிலானார். அவர் பழகிய 'தாமஸ் சால்டோ' என்ற ஆபத்தான குட்டிக்கரணம் பின்னர் மகளிர் போட்டியில் தடை செய்யப்பட்டது. 1988-இல் டோக்கியோவில் 15 வயது அமெரிக்க வீராங்கனை ஹூலிசா கோமஸ் வால்ட்டில் பாய்ந்தபோது உந்துபலகையில் கால் தவறி, கழுத்தில் அடிபட்டு, 1991-இல் இறந்தார். உந்துபலகையைச் சுற்றிப் போடப்படும் 'யு' வடிவப் பாதுகாப்பு மெத்தை இதன் பிறகே போட்டிகளில் இடம்பெற்றது. பின்னாளில் கோமஸ் முயன்ற வகைப் பாய்ச்சலுக்கு அது கட்டாயமாயிற்று.

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு வயதைக் கொண்டு வேலி போட்டது. மகளிர் முதுநிலைப் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 14 ஆக இருந்தது. 1981-இல் அது 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. போட்டி நடக்கும் ஆண்டுக்குள் அந்த வயது நிறைந்தால் போதும். வேலியைத் தாண்டச் சிலர் பிறந்த ஆண்டையே மாற்றினர். வட கொரியாவின் கிம் குவாங்-சுக் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் 15 வயது என்றே பதிவு செய்யப்பட்டதால், அந்நாட்டு மகளிர் அணி 1993 உலகப் போட்டியில் தடைசெய்யப்பட்டது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய டோங் ஃபாங்சியாவுக்கு அப்போது 14 வயதுதான் என்று பின்னர் தெரியவந்ததால், சீன அணியின் வெண்கலம் 2010-இல் பறிக்கப்பட்டு அமெரிக்காவுக்குத் தரப்பட்டது. இந்த ஏமாற்றுகளில் பிறந்த நாளைத் திருத்தியவர்கள் பெரியவர்கள். ஆபத்தைச் சுமந்தவர்கள் சிறுமிகள்.

உயர்மட்டத்தில் வயது வேலி போடப்பட்ட அதே காலத்தில், கீழ்மட்டப் படிகளை நுணுக்கமாக வகுக்கும் வேலை அமெரிக்காவில் நடந்தது. அங்கே இந்த விளையாட்டை அமெச்சூர் அத்லெடிக் யூனியன் நிர்வகித்து வந்தது. அதிலிருந்து விலகி 1963-இல் தனிக் கூட்டமைப்பு உருவாயிற்று. இன்று அதன் பெயர் யூஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீராங்கனை ஓல்கா கோர்புட்டைத் தொலைக்காட்சியில் கண்டு ஆயிரக்கணக்கான சிறுமிகள் கிளப்புகளில் சேர்ந்தனர். சோவியத் பள்ளிகளைப் போல அரசு தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அல்லர் இவர்கள். பெற்றோர் கட்டணம் கட்டிச் சேர்த்தவர்கள். யாரையும் சலித்து ஒதுக்காமல் எல்லாருக்கும் ஓர் இடம் காட்டும் ஏணி தேவைப்பட்டது. முதலில் நான்கு 'கிளாஸ்'களாக இருந்த பிரிவு, பின்னர் பத்து 'லெவல்'களாக விரிந்தது. நீண்ட காலம் ஜூனியர் ஒலிம்பிக் திட்டம் என்று வழங்கிய இது, 2020 முதல் மேம்பாட்டுத் திட்டம் எனப்படுகிறது.

இந்த ஏணியில் இன்று முதல் ஐந்து லெவல்களும் கட்டாய வரிசைகள். ஒரே அசைவுகள், தரைப்பயிற்சிக்கு ஒரே இசை. நாடெங்கும் ஒரு லெவலில் உள்ள எல்லாச் சிறுமிகளும் அவற்றையே ஆடுகின்றனர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரிசைகள் புதுப்பிக்கப்படுகின்றன. ஆறாம் லெவலிலிருந்து பயிற்றுநர் தம் மாணவிக்கேற்ற விருப்ப வரிசையை அமைக்கலாம். 1996 அட்லாண்டாவுடன் ஒலிம்பிக்கில் கட்டாய வரிசை கைவிடப்பட்டாலும், சிறார் நிலையில் அது தொடர்கிறது. அடிப்படை பிசகினால் மேலே கட்டுவதெல்லாம் பிசகும் என்பதே காரணம்.

படி ஏற மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது வயது: நான்காம் லெவலுக்கு ஏழு வயதும், எட்டாம் லெவலுக்கு எட்டு வயதும், பத்தாம் லெவலுக்கு ஒன்பது வயதும் நிறைந்திருக்க வேண்டும். இது கீழ்வரம்புதான்; பத்தாம் லெவலில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பதின்பருவத்தினர். இரண்டாவது புள்ளி. வால்ட், சமமற்ற கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி ஆகிய நான்குக்கும் தலா பத்து என மொத்தம் 40. உயர் லெவல்களுக்குப் போக, இருக்கும் லெவலின் போட்டி ஒன்றில் குறிப்பிட்ட மொத்தத்தை எட்ட வேண்டும். ஒன்பதிலிருந்து பத்துக்கு அது 34 புள்ளி, அதாவது கருவிக்குச் சராசரி 8.5.

மூன்றாவது, அசைவுத் தகுதி. கடினத்தைப் பொறுத்து அசைவுகள் ஏ, பி, சி என வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஏழாம் லெவல் வரிசையில் ஐந்து ஏ, இரண்டு பி இருக்க வேண்டும். எட்டில் நான்கு ஏ, நான்கு பி; ஒன்பதில் மூன்று ஏ, நான்கு பி, ஒரு சி; பத்தில் மூன்று ஏ, மூன்று பி, இரண்டு சி. எட்டாம் லெவல்வரை தொடக்க மதிப்பு 10. ஒன்பதில் அது 9.7, பத்தில் 9.5; குறைவதைக் கடினமான அசைவுகளையும் இணைப்புகளையும் காட்டி ஈட்டிக்கொள்ள வேண்டும். இந்த விதிகளின் உட்கருத்து இன்னொரு பிரிவில் தெளிவாகிறது: அந்த லெவலுக்கு அனுமதி இல்லாத கடினத்தைக் காட்டினால் தொடக்க மதிப்பில் அரைப் புள்ளி குறையும். செய்ய முடிந்தாலும் இப்போது வேண்டாம் என்று விதியே தடுக்கிறது.

எழுதப்பட்ட தகுதிகளுக்கு அப்பால், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அசைவு வாசலில் நிற்கிறது. நான்காம் லெவலின் வாசலில் நிற்பது கம்பியில் செய்யும் 'கிப்'. சிறுமி கீழ்க்கம்பியைப் பிடித்து, கால்கள் தரையை ஒட்டி வழுக்க, உடலை முன்னால் நீட்டி ஊசலாட வேண்டும். முழு நீளம் எட்டிய கணத்தில் கால்விரல்களைக் கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். பின்னோக்கித் திரும்பும் ஊசலில் கால்சட்டையை இழுத்து மாட்டுவதுபோலக் கம்பியைத் தொடைமேல் ஏற்றி, கையை மடக்காமல் இடுப்பு கம்பியில் படும்படி எழுந்துவிட வேண்டும். இதில் வலிமையைவிடக் காலக்கணக்கே பெரிது. விரல் கம்பியை எட்டுவது ஒரு நொடி பிந்தினால் ஊசலின் வேகம் தீர்ந்து சிறுமி தொங்கியபடியே நிற்பாள். பலர் மாதக்கணக்கில் உழைத்தே இதைப் பெறுகின்றனர். பின்னால் வரும் முழுச்சுழற்சிகளுக்கெல்லாம் இதுவே நுழைவு என்பதால், புள்ளி போதுமானதாக இருந்தாலும் கிப் உறுதிப்படும்வரை மாணவியை மேலே அனுப்பாத பயிற்றுநர்கள் பலர்.

பத்தாம் லெவலுக்கு மேல் 'எலீட்' நிலை. அங்கே நுழையத் தனித் தகுதிப் போட்டிகள் உண்டு. அதன்பின் நடைமுறைக்கு வருபவை சர்வதேச விதிகள்: 2006-இல் முழுப் பத்து ஒழிக்கப்பட்டு, கடினத்துக்கும் செய்நேர்த்திக்கும் தனித்தனி மதிப்பெண் வந்தது. முதுநிலை வயதை எட்டாதவர்களுக்கென இளையோர் உலகப் போட்டி 2019-இல் ஹங்கேரியின் கியோர் நகரில் முதன்முறையாக நடந்தது. ஆடவருக்கு முதுநிலை வயது இன்று 18.

காத்திருப்பதால் திறமை வீணாகும் என்ற அச்சத்துக்கு விளையாட்டே பதில் தந்திருக்கிறது. 2024 பாரிஸில் சிமோன் பைல்ஸ் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. 1952-க்குப் பின் அப்பட்டத்தை வென்றவர்களில் அவரே மூத்தவர். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினா நாற்பது வயதைத் தாண்டியும் ஒலிம்பிக்கில் ஆடினார். வயது, புள்ளி, அசைவு என்ற மூன்று தகுதிகளும் சேர்ந்து இளம் வயதில் வேகத்தைக் குறைக்கின்றன. அப்படிக் குறைப்பது விளையாட்டு வாழ்வைச் சுருக்கிவிடுவதில்லை.