கேஸ் எடுத்த பிறகு சாணம் யாருக்கு? - புரா கிராமத்துக் கணக்கு

கோபர் கேஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது நீலமாக எரியும் அடுப்புதான். சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் குழாய் வழியாகக் கேஸ் வரும் என்பதோடு பாடமும் முடிந்துவிடும். ஊற்றிய சாணம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. தினமும் எவ்வளவு ஊற்றுகிறோமோ, கிட்டத்தட்ட அவ்வளவு கரைசல் தொட்டியின் மறுபக்கம் வெளியே வந்துகொண்டே இருக்கும். ஸ்லரி என்று சொல்லப்படும் அந்தக் கழிவு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விதான் கர்நாடகாவின் ஒரு சிறிய கிராமத்தில் ஒரு பெரிய திட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அடுப்புக்கா, வயலுக்கா?

1889-ம் ஆண்டின் இறுதியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியல் நிபுணரை பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கு அனுப்பியது. இந்திய விவசாயத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று ஆராய்ந்து சொல்வது அவர் வேலை. ஒரு வருடத்துக்கும் மேலாக நாடு முழுக்கச் சுற்றிய அவருடைய அறிக்கை 1893-ல் அச்சானது.

இந்திய விவசாயி சாணத்தின் அருமை தெரியாமல் வரட்டி தட்டி எரிக்கிறான் என்று அதிகாரிகள் பலர் நினைத்திருந்த காலம் அது. வோல்க்கர் அதை மறுத்தார். விவசாயிக்கு எருவின் மதிப்பு நன்றாகவே தெரியும், விறகு கிடைக்காததால்தான் சாணத்தை எரிக்கிறான் என்றார். விறகுக்காகத் தோப்புகள் வளர்த்துக் கொடுத்தால் சாணம் தானாக வயலுக்குப் போகும் என்பது அவர் யோசனை.

ஒரே சாணம்தான். எரித்தால் சோறு வேகும், பூமிக்கு ஒன்றும் மிஞ்சாது. எருக்குழியில் போட்டால் பூமிக்கு நல்லது, அடுப்புக்கு வேறு வழி தேட வேண்டும். சாண எரிவாயு இந்த இரண்டையும் தருவதாகச் சொல்லித்தான் வந்தது. 1939 வாக்கில் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் இதற்கான சோதனைகளை நடத்தினார். மேலே மிதக்கும் இரும்பு டிரம்மோடு ஜஷ்பாய் படேல் வடிவமைத்த கலனை அறுபதுகளின் தொடக்கத்தில் காதி கிராமத் தொழில் ஆணையம் ஏற்றுக்கொண்டு ஊர் ஊராகப் பரப்பத் தொடங்கியது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் சாணத்தில் உள்ள கார்பனில் ஒரு பகுதியை மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றி வெளியே அனுப்புகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. அதிலும் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியமாக மாறுவதால் பயிர் அதைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். பச்சைச் சாணத்தைவிட நாற்றமும் ஈயும் குறைவு.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்துக் கரைப்பதால், வெளியே வரும் கரைசலில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தள்ளி இருக்கும் வயலுக்கு இதை எப்படிச் சுமப்பது? தண்ணீரைக் குறைக்க வெயிலில் காயவைத்தால் அந்த அம்மோனியம் காற்றோடு போய்விடும். அதனால் பாசன வாய்க்காலில் கலந்து விடுவது, காய்ந்த இலை தழைகளோடு சேர்த்துக் குழியில் மக்கவைப்பது என்று பல முறைகளைப் பரிந்துரைத்தார்கள். வயல் வீட்டை ஒட்டி இருந்தால் இதெல்லாம் சுலபம். இல்லாதவர்களுக்குத் தொட்டி ஓரத்தில் சேறாகத் தேங்குவதுதான் மிச்சம்.

எழுபதுகளின் கணக்கு

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ரசாயன உரத்தின் விலையும் கூடவே ஏறியது. அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டி வெளியிட்ட ஓர் ஒப்பீடு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆண்டுக்கு 2,30,000 டன் தழைச்சத்து தரும் நிலக்கரி உரத் தொழிற்சாலை ஒரு பக்கம். அதே அளவு தழைச்சத்துக்கு 26,150 சாண எரிவாயுக் கலன்கள் மறு பக்கம். தொழிற்சாலைக்கு 120 கோடி ரூபாய், கலன்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. முதலீடு ஏறக்குறைய ஒன்றுதான். வேலைவாய்ப்பில்தான் வித்தியாசம்: தொழிற்சாலையில் 1,000 பேர், கலன்களில் 1,30,750 பேர். போதாததற்குத் தொழிற்சாலை மின்சாரத்தைத் தின்னும், கலன்கள் எரிசக்தியைத் தரும்.

கேட்க அருமையாக இருக்கும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. தொழிற்சாலை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து புதிதாகத் தருகிறது. கலன் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, சாணத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் திருப்பித் தருகிறது. வரட்டியாக எரிந்துபோகும் சாணம் என்றால் அது முழு லாபம். எப்படியும் எருக்குழிக்குப் போயிருக்கும் சாணம் என்றால் லாபம் ரொம்பக் குறைவு. இன்னொரு கேள்வியும் இருந்தது. ஒரு வீட்டுக் கலனுக்கே நாலைந்து மாடுகள் வேண்டும். ஒரு மாடு வைத்திருப்பவர், மாடே இல்லாதவர் என்ன செய்வார்கள்? தெருவில் சும்மா கிடைத்த சாணத்துக்கும் விலை வந்துவிட்டால் அதைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்?

புராவில் நடந்தது

இதற்குப் பதில் தேடத்தான் ஊருக்கே பொதுவான கலன் என்ற யோசனை வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா என்ற மையம், தும்கூர் மாவட்டம் குணிகல் தாலுகாவில் உள்ள புரா கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏறத்தாழ 500 பேர் வாழ்ந்த ஊர்.

அங்கே சமையலுக்கு விறகுதான், வரட்டி எரிக்கும் பழக்கம் இல்லை. அதனால் அந்த மக்களுக்குச் சாணம் என்றால் எரு, வேறு எதுவும் இல்லை. 'உங்கள் எருவைக் கொண்டுவந்து பொதுத் தொட்டியில் போடுங்கள்' என்றால் யார் போடுவார்கள்? நகையைக் கழற்றிக் கொடு என்பது மாதிரிதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சமையல் கேஸ் தருவதாகத்தான் திட்டம் ஆரம்பித்தது. ஊரிலுள்ள எல்லா அடுப்புக்கும் போதுமான கேஸ் வரவில்லை. ஆர்வம் குறைந்தது, சாணம் வருவதும் குறைந்தது. பிறகு ஊர்க்காரர்களுடன் பேசியபோது அவர்கள் முதலில் கேட்டது குடிதண்ணீர். 1987 செப்டம்பரிலிருந்து அந்தக் கேஸைக் கொண்டு எஞ்சினை ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குடிநீரும் வீடுகளுக்கு விளக்கும் கொடுத்தார்கள். கிராம விகாச சபை மேற்பார்வை செய்ய, ஊர் இளைஞர்கள் இருவர் கலனை இயக்கினார்கள்.

சரி, சாணம் எப்படி வந்தது? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுச் சாணத்தையும் எடை போட்டுக் குறித்துக்கொண்டார்கள். கேஸ் எடுத்த பிறகு மிஞ்சிய எரு, கொடுத்த சாணத்தின் அளவுக்கு ஏற்ப அந்தந்த வீட்டுக்கே திரும்பிப் போனது. சாணத்தைக் கொண்டுவந்து எருவைச் சுமந்து போவது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த உழைப்புக்குக் கிலோவுக்கு 2 பைசா கூலியும் கிடைத்தது.

தண்ணீராக ஓடும் கரைசலை அளந்து கொடுப்பதும் கஷ்டம், சுமப்பதும் கஷ்டம். இதற்கு மணல் படுகைகள் அமைத்தார்கள். கரைசலை மணல்மேல் பாய்ச்சினால் தண்ணீர் வடிந்து, மேலே சாணம் போன்ற பதத்தில் எரு நிற்கும். கூடையில் அள்ளித் தலையில் வைத்துப் போகலாம். வடிந்த தண்ணீரும் வீணாகவில்லை. அதிலேயே மறுநாள் சாணத்தைக் கரைத்தார்கள். தண்ணீர்ச் செலவு குறைந்தது, தேவையான நுண்ணுயிரிகளும் அதிலேயே கிடைத்தன.

வணிகவியல் பாஷையில் சொன்னால், புரா மக்கள் சாணத்தை விற்கவில்லை, டெபாசிட் செய்தார்கள். அசல் எருவாகத் திரும்பி வந்தது. தண்ணீரும் வெளிச்சமும் அதன்மேல் கிடைத்த பலன். அசல் பத்திரமாகத் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் ஒரு வீடு தன் எருவை நாள்தோறும் பொதுத் தொட்டிக்குக் கொடுத்தது.

மறுபடியும் அதே கேள்வி

2018-ல் மத்திய அரசு கோபர்தன் திட்டத்தையும், அழுத்தப்பட்ட உயிர்வாயுவை வாகன எரிபொருளாக விற்பதற்கான சதத் திட்டத்தையும் அறிவித்தது. சதத் திட்டத்தில் வருபவை புரா மாதிரி ஊர்க் கலன்கள் இல்லை, பெரிய ஆலைகள். கேஸுக்கு வாங்க ஆள் இருக்க, டன் டன்னாக வெளியேறும் கழிவுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை, இப்படிப்பட்ட ஆலைகளில் தயாராகும் அங்கக உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித்தொகை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உதவித்தொகை ஆலைக்கு நல்லதுதான். ஆனால் சாணமும் வைக்கோலும் ஒரு ஊரிலிருந்து போய், உரம் மூட்டையாகி வேறு ஊரில் விற்றால், முதல் ஊரின் மண்ணுக்குக் கிடைப்பது என்ன? விலையாகக் கொஞ்சம் காசு வரலாம், சத்து திரும்பாது. ஆலை எவ்வளவு கேஸ் தருகிறது என்று பார்ப்பது போலவே, எவ்வளவு எரு எந்த வயலுக்குத் திரும்பியது என்றும் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புராவில் அப்படி ஒன்று இருந்தது.