இரண்டு தொகைகளும் ஒரு வாக்குறுதியும்

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் புள்ளிவிபரம் என்றாலே எனக்கொரு சலிப்பு உண்டு. விவிலியத்தின் எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தையும் அதே சலிப்போடுதான் பல தடவைகள் தாண்டிப் போயிருக்கிறேன். கோத்திரம், குடும்பம், தொகை. மீண்டும் கோத்திரம், குடும்பம், தொகை. முதலாம் அதிகாரத்துக்கு அருகில் வைத்து அதனை வாசித்தபோதுதான், அதனுள் ஒரு தலைமுறையின் மரணம் பதிவாகியிருப்பது தெரிந்தது.

எகிப்திலிருந்து புறப்பட்ட இரண்டாம் ஆண்டில், சீனாய் வனாந்தரத்தில் நடந்தது முதலாவது குடிசன மதிப்பீடு. போருக்குச் செல்லத்தக்க, இருபது வயதும் அதற்கு மேலுமான ஆண்கள் 603,550 பேர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின் எரிகோவுக்கு எதிரே, மோவாப் சமவெளியில் எடுக்கப்பட்ட கணக்கு 601,730. குறைவு 1,820 மாத்திரமே. ஆயினும் முதற்கணக்கில் எண்ணப்பட்டோரில் எஞ்சியிருந்தவர்கள் காலேபும் யோசுவாவும்தான். கானானைக் கண்டு அஞ்சி முறுமுறுத்த மற்ற அனைவரையும் வனாந்தரம் விழுங்கிவிட்டது.

ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியில் சந்ததியும் இருந்தது, நிலமும் இருந்தது. எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பம் எழுபது பேர் என்கிறது ஆதியாகமம். அந்த எழுபது இலட்சங்களானது முதற்பாதி. தண்டனை ஒரு தலைமுறையையே அகற்றியும் தொகை ஏறத்தாழ அப்படியே நின்றது. இரண்டாவது கணக்கின் நோக்கமோ நிலப்பங்கீடு: பெரிய கோத்திரத்துக்குக் கூடிய பங்கு, சிறியதற்குக் குறைந்த பங்கு, இடம் சீட்டின்படி. யோர்தானுக்கு மேற்கே ஓரடி மண்கூடக் கைக்கு வருமுன்னரே பங்கீட்டுப் பத்திரம் தயாராகிறது!

எனினும், வாக்குறுதி எல்லோருக்கும் ஒரேயளவில் பலிக்கவில்லை. 59,300 பேராக இருந்த சிமியோன் கோத்திரம் 22,200 ஆகச் சுருங்கியது. முந்திய அதிகாரத்தில் பாகால்பேயோர் கொள்ளைநோயில் 24,000 பேர் மடிகின்றனர்; அங்கே குத்திக் கொல்லப்பட்ட சிம்ரி, சிமியோனியரின் தலைவர்களில் ஒருவன். இரண்டையும் நூல் வெளிப்படையாக இணைக்கவில்லை. வாசிப்பவர் இணைக்காமல் இருப்பதும் கடினம். மனாசேயோ 32,200இலிருந்து 52,700 ஆகப் பெருகியது.

இத்தொகைகளை அப்படியே ஏற்பதில் ஆய்வாளர்களுக்குச் சிக்கல் உண்டு. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தால் இருபது இலட்சத்தை எட்டும் ஒரு கூட்டத்தைச் சீனாய்ப் பாலைவனம் எவ்வாறு தாங்கியிருக்கும்? ‘ஆயிரம்’ எனப்படும் எபிரேயச் சொல்லான ‘எலெப்’ இங்கு குடும்பத்தைக் குறிக்கலாம் என்று 1906இல் பிளிண்டர்ஸ் பீற்றி எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான ஒப்பீடுதான் இந்நூலின் செய்தி என்பேன். தொகையின் பருமன் அதற்கு அடுத்ததே.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது வேறொரு வரி. ஆண்களை மட்டும் எண்ணிய அப்பட்டியலில், மனாசே கோத்திரத்தின் கீழ், ஐந்து பெண்களின் பெயர்கள் உள்ளன: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் புதல்வியர். நிலம் பெயர்ப்பட்டியலின்படி என்றால், தந்தையின் பெயர் அழிந்துபோகலாமா என்று மோசேயின் முன்னே வந்து நின்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரியே எனத் தீர்ப்பாயிற்று. யோசுவாவின் காலத்தில் அவர்களுக்கும் பங்கு அளந்து கொடுக்கப்பட்டது.