பருமன், உறக்க மூச்சுத்தடை, பரிவு நரம்பு மண்டலம்: புதுவையை முன்வைத்து

2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் பெண்களில் 46 விழுக்காட்டினரும் ஆண்களில் 43 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். நாட்டின் சராசரி இதில் ஏறக்குறையப் பாதிதான். பருமன் மிகும்போது உறக்க மூச்சுத்தடையும் மிகும்; அது இரத்தக் கொதிப்பை ஏற்றும். அப்படியானால் இங்கே மூலக்குளம், ரெட்டியார்பாளையம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவோரில் எத்தனை பேருக்கு உறக்கத்தில் மூச்சு அடைபடுகிறது? சிகிச்சையின் முதல் படியிலேயே இக்கேள்வி எழ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெருக்கடிக்கு உடலைத் தயார்படுத்தும் பரிவு நரம்புகளைப் பருமன் தூண்டுகிறது என்பது பழைய கருத்து. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், மிகுந்த இன்சுலின் ஆகியவை மூளை வழியாக அந்நரம்புகளை முடுக்குகின்றன. விளைவாக இதயம் விரைகிறது, நாளங்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் உப்பைத் தேக்குகிறது. ஆனால் 1998-இல் நார்கீவிச், சோமர்ஸ் குழுவினர் தசைக்குச் செல்லும் பரிவு நரம்பின் மின்துடிப்புகளை நுண்ணூசியால் நேரடியாகப் பதிவுசெய்தபோது, மூச்சுத்தடை இல்லாத பருமனானவர்களிடம் துடிப்பு மிகவில்லை. மூச்சுத்தடை உள்ளவர்களிடமே மிகுந்திருந்தது. பருமன் மீது சுமத்தப்பட்ட பழி உண்மையில் மூச்சுத்தடையுடையதோ என்ற ஐயம் பிறந்தது. 2005-இல் இத்தாலியின் கிராஸி குழு அதை மறுத்தது: மூச்சுத்தடை இல்லாத பருமனிலும் பரிவுத் தூண்டல் உண்டு, மூச்சுத்தடை சேர்ந்தால் அது இன்னும் கூடுகிறது என்றது.

இம்முரணைத் தீர்க்க எடையை மட்டும் பார்த்தால் போதாது, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அல்வாரெஸ் குழுவினர் 2002-இல் காட்டியபடி, மொத்தக் கொழுப்பு ஒத்திருந்தாலும் வயிற்றினுள் கொழுப்பு மிகுந்தவர்களிடமே நரம்புத் துடிப்பு அதிகம். கைகால் மெலிந்து தொந்தி மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடையே மிகப் பரவலானது. இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 25-ஐத் தொட்டாலே பருமன் என்று 2009-இல் வரையறுத்ததற்கு இதுவும் ஓர் அடிப்படை.

மூச்சுத்தடையின் வழி வேறு. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட்டதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமிலவாயு ஏறுகிறது. கழுத்துத் தமனியிலுள்ள வேதியுணரி உறுப்பு இதை உணர்ந்து பரிவு நரம்புகளை முடுக்க, நாளங்கள் இறுகுகின்றன. வழக்கமாக நுரையீரல் விரியும்போது இத்தூண்டல் அடங்கும். மூச்சே நின்றிருக்கையில் அந்தக் கடிவாளமும் இல்லை. மூச்சு மீளும் கணத்தில் இதயம் பாய்ச்சும் இரத்தம் இறுகிய நாளங்களில் மோதி அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. கடுமையான நோயில் இது மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழும். விழித்த பின்னும் தூண்டல் தணிவதில்லை என்பதுதான் கவலைக்குரியது: சோமர்ஸ் குழுவின் 1995 ஆய்வில், நோயாளிகளின் நரம்புத் துடிப்பு பகல் ஓய்விலும் உயர்ந்தே இருந்தது.

மூலக்குளத்துக்கு அருகே, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் உடலியங்கியல் துறை இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி செய்திருக்கிறது. இரத்தக் கொதிப்பின் முன்நிலையில் உள்ளவர்களிடம் உடல் நிறைக் குறியீட்டெண் பரிவு நரம்புக்கும் அதற்கு எதிராக இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்புக்கும் இடையிலான சமநிலையைக் குலைப்பதில் பங்கு வகிக்கிறது என்று ஜி.கே. பால் குழுவினர் 2012-இல் நிறுவினர். மதிப்புமிக்க முடிவு. எனினும் அதற்கு அளவுகோலான, பகலில் பதிவாகும் இதயத்துடிப்பு வேறுபாடு, அக்குலைவில் இரவு மூச்சுத்தடையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டாது. இவ்வகை ஆய்வுகளோடு உறக்கப் பதிவும் இணைய வேண்டும்.

சிகிச்சையிலும் இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபேப் முறையை சிட்னியில் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் பகல்நேரப் பரிவுத் துடிப்பு குறைகிறது. ஆனால் 2016-இல் வெளியான சேவ் ஆய்வில் நோயாளிகள் அதை அணிந்தது இரவுக்குச் சராசரி 3.3 மணிநேரமே, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. 2014-இல் சிரினோஸ் குழுவின் ஆய்வில், எடைக் குறைப்பு, சிபேப் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களிடமே அழுத்தம் கூடுதலாக இறங்கியது.

சிகிச்சைக்கு முன் நோயைக் கண்டறிய வேண்டும். 30 வயதைக் கடந்தவர்களுக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் தொற்றாநோய் மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்புச் சுற்றளவு உண்டு, புகைப்பழக்கம் உண்டு. குறட்டை பற்றிய கேள்வி இல்லை. குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாக எண்ணும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் நோயாளி தாமாக அதைச் சொல்வதும் அரிது. ஆகவே இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும்: உரத்த குறட்டை உண்டா? உறக்கத்தில் மூச்சு நின்றதை வீட்டார் கண்டதுண்டா? படிவத்தைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர்கள், புதுவையிலேயே இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.